அண்ணன் தந்த மிட்டாய்

கடைவாய்ப்பல் முதன்முதலில் முறுக்கை உடைத்த சத்தம் நாக்குக்கு இன்னும் நினைவிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பல் நாக்குக்குச் செல்லத் தங்கை.

சுகந்தி டீச்சர் பிரஷர் மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின் வாயில் எச்சில் வற்றிப்போனது. வறட்சி தாங்காமல் டீச்சர் எந்நேரமும் புளிப்பு மிட்டாய் சப்பினாள். ஒவ்வொன்றையும் நாக்கு கடைவாய்ப்பல்லின் ஓரம் ஒதுக்கியது.

"வச்சுக்கோ தங்கச்சி, ஈரமா இருக்கும்."

"கூசுது அண்ணே. முன்னே எச்சில் வந்து கழுவிவிடும். இப்ப அப்படியே ஒட்டிக்குது. கொஞ்சம் தண்ணி போதும்."

"கூடப்பிறந்தவளுக்கு வெறும் தண்ணியா குடுப்பாங்க? என்னை என்னன்னு நெனச்சே?"

அண்ணனின் முகம் வாடப் பொறுக்காமல் பல் சிரித்தது. "சரி, குடு."

நாக்குக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்ததையும் அங்கேயே ஒதுக்கியது.

தை பிறந்ததும், சொத்தை வேர்வரை இறங்கிவிட்டதென்று அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.