இருபத்தேழாம் வீட்டு ஃபில்டர்

"இது மட்டும் எப்படிம்மா இவ்ளோ வெள்ளையா இருக்கு? பம்பைக் கழட்டி ஆணியில மாட்டி வச்சிருப்பாங்க" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர், ஃபில்டர் தாளைத் தூக்கிப் பிடித்து.

அளவெடுத்த இளம் ஆய்வாளர் அவள்; விட்டுக்கொடுக்கவில்லை. அடுப்புக் கரிப்புகை காற்றில் நிற்பது ஒரு வாரம்தான். அதற்குள் நுரையீரலையும் கெடுத்து, வானத்தையும் சூடாக்கிவிடும். அதை அளக்க இத்தனை காலம் வெளிநாட்டு நிபுணர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக நாட்டின் சொந்த ஆட்களே முப்பது வீடுகளில் அளந்திருக்கிறார்கள்.

சமைக்கும் பெண்ணின் இடுப்பில் இரண்டு நாள் ஒரு சின்ன பம்ப், தோள்வரை குழாய்; பிறகு உதவியாள் போய் வாங்கி வருவான். அவள் சுவாசிக்கும் காற்றின் கரி ஃபில்டர் தாளில் படியும். பழைய அடுப்பில் முப்பது தாளும் கன்னங்கரேல். புது அடுப்பு கொடுத்த பிறகு இருபத்தொன்பது சாம்பல் நிறம். இருபத்தேழாம் வீட்டுத் தாள் மட்டும் பால் வெள்ளை.

"திங்கட்கிழமை அமைச்சகத்துல இதத்தான் சார் காட்டப்போறேன். லட்சம் வீட்டுக்கு அடுப்பு கிடைக்கும்."

"காட்டு. ஆனா எடுத்தேன் கவிழ்த்தேன்னு எழுதாதே. நேர்ல போய்க் கேட்டுட்டு வா."

அன்று மதியமே போய் நின்றாள். அந்த வீட்டுக்காரர், சைக்கிள் பழுதுபார்ப்பவர், வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா எங்கண்ணே?"

"உக்காருங்கம்மா."

உட்கார அவளுக்கு ஏது பொறுமை? "அக்கா பம்பைக் கழட்டி வச்சிட்டாங்கன்னு எங்க சார் சொல்றாரு. நீங்களே சொல்லுங்க."

"கழட்டலம்மா. ரெண்டு நாளும் அவ இடுப்புலதான் இருந்துச்சு."

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "நான் சொன்னேன்ல! முப்பது வீட்லயும் அக்கா மூச்சுலதான் துளி புகை இல்ல. நாட்டுக்கே அவங்கதான் சாட்சி. இத நானே அவங்ககிட்ட சொல்லணும், கூப்பிடுங்கண்ணே!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க மாட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்துலயே மூச்சுத் திணறல் வந்துடுச்சும்மா. ரெண்டு நாளும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தா. டாக்டர் கழட்டச் சொன்னாரு. 'பாவம், அந்தப் பொண்ணோட கணக்கு தப்பாயிடும்'னு அவ விடல."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மூச்சு நின்னப்புறம் நான்தான் கழட்டினேன்."