சத்தம் போதாது

"இன்னும் சத்தமா வாசிங்க!" என்றார் பெண்ணின் அப்பா.

பேண்ட் மாஸ்டர் இருபது வருஷமாகக் கல்யாணங்களுக்கு வாசிக்கிறவர். 'கொஞ்சம் குறைங்கப்பா, பேச முடியல' என்று கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறார். இவரோ பயிற்சி அறையின் ஜன்னல் கண்ணாடி அதிரும்வரை விடவில்லை.

"ஒரு பாட்டு முடிஞ்சா உடனே அடுத்தது. நடுவுல இடைவெளியே கூடாது. பொண்ணு மாப்பிள்ளைகிட்ட யாரும் நின்னு பேசவே முடியக்கூடாது, புரியுதா?" என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் மணப்பெண் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதும்மா?"

அவள் சிரித்தாள்.

"அவளுக்கு எல்லாமே பிடிக்கும்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

மாஸ்டர் டைரியை எடுத்து, தேதியையும் மண்டபத்தையும் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, மாப்பிள்ளை வீட்டுல நேத்தே புக் பண்ணிட்டாங்களே! அவங்களும் அச்சு அசலா இதையேதான் சொன்னாங்க. சத்தம் போதாதுன்னு ரெண்டு ஸ்பீக்கர் வேற கூடக் கேட்டாங்க. மாப்பிள்ளையும் வந்திருந்தாரு. என்ன பாட்டு வேணும்னு மூணு தடவை கேட்டேன், சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

அப்பாவின் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது.

"பாவிங்க! காது கேக்காத பையனையா நம்ம தலையில கட்டப் பாத்தாங்க?"

"சிரிச்சதை வச்சே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

அப்பா எதற்குக் கத்துகிறார் என்று தெரியாமல் மகள் மறுபடியும் சிரித்தாள். அம்மா அவசர அவசரமாக எழுந்து, அவள் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த காது மெஷினின் மேல் முடியை இழுத்துவிட்டாள்.