குறட்டை வடிகட்டி

"வாங்கின மெமரியைத் திருப்பிக் குடுக்கவே இல்லையே, சார்? முப்பத்திரண்டாவது வரியைப் பாருங்க."

நிரலாளருக்குச் சுருக்கென்றது. காது கேட்க உதவும் கருவிகளுக்குள் ஓடும், 'சி' மொழியில் எழுதிய நிரல் தொகுப்பு அது. நாலைந்து கம்பெனிகள் பொதுவில் வைத்துப் புழங்குவது. அதில் ஒரு வரி சேர்ப்பதென்றாலும் எதிரே உட்கார்ந்திருந்த பரிசீலகர் அம்மாவின் ஒப்புதல் வேண்டும். கல், உமி எதுவும் தப்பாது என்பதால் ஆபீசில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர்.

"திருத்திட்டேன் மேடம்."

"நாப்பதாவது வரி. பத்து இடம் இருக்கிற வரிசையில பதினோராவதைப் போய்ப் படிக்கிறீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் திருத்தினார். காலையிலிருந்து இதே கூத்து. மாலை ஐந்து மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகிறது. இதை விட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் தின்று அவர் எழுதியது, குறட்டைச் சத்தத்தை மட்டும் இனம் கண்டு காதுக்குள் விடாமல் நிறுத்தும் வடிகட்டி.

"இதை யார் கேட்டாங்க?" என்றார் சல்லடை.

"புகார் வருது மேடம்."

"எழுத்துலயா?"

"வாய்மொழியாத்தான். தினம் காலையில."

ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜருக்கு ஏனோ புரை ஏறியது.

"படுக்கும்போது மெஷினைக் கழட்டி வெச்சுட்டா போச்சு. இதுக்கு ஒரு பேட்ச்சா?"

"கைக்குழந்தை இருக்கே மேடம், ராத்திரி அழுதா கேக்க வேணாமா? பாவம், பகலெல்லாம் உழைச்சுட்டு வந்து படுத்தா, பக்கத்துல ஒருத்தன் ரம்பம் அறுக்கிறான். எப்படித் தூங்குவாங்க?"

புகார் சொன்னவரின் வீங்கிய கண்களை நினைத்தால் நிரலாளருக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஜீவன் ஒரு ராத்திரியாவது அசந்து தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

சல்லடை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லை."

"அப்போ ஒப்புதல்?"

"தர முடியாது."

"வேணும்னே முட்டுக்கட்டை போடுறீங்க!" நிரலாளர் எழுந்தே விட்டார். "இப்படி ஒண்ணு வந்தா மக்கள் கையெடுத்துக் கும்பிடுவாங்க."

"இதை அணைக்க ஒரு வழியே வைக்கலையே, சார்?"

"எதுக்கு மேடம் அணைக்கணும்? குறட்டையைக் கேட்டே ஆகணும்னு உலகத்துல யாராவது அழுவாங்களா?"

மேனேஜர் டீயை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போனார்.

சல்லடை காதோர முடியை ஒதுக்கி, அங்கே பொருத்தியிருந்த கருவியைத் தொட்டுக்கொண்டார். கண்கள் தளும்பிவிட்டன.

"ஏங்க..." என்றாள். ஆபீசுக்குள் சார், மேடம் தவிர வேறு பேச்சில்லை என்று கல்யாணத்தன்றே போட்ட ஒப்பந்தம் அதோடு காற்றில் போயிற்று.

"உங்களுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து, அந்தச் சத்தம் கேட்டாத்தாங்க எனக்குக் கண்ணே மூடுது. அது நின்னா எழுந்து மூக்குல கை வெச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். காலையில உங்களைத் திட்டுறதே, இன்னிக்கும் எழுந்து திட்டு வாங்க வந்துட்டீங்களேங்கிற சந்தோஷத்துலதான்."