லூத்தியின் இரண்டாவது பிரிட்ஜ்

"இந்த மீன் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. நாளைக்குக் கந்தசட்டி துடங்குது," என்றாள் தில்லைநாயகி, ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு.

"அப்ப எறியும்," என்றார் சிவநேசன்.

"எறியிறதோ? விரதம் முடிய உங்கட தங்கச்சி கூர் நகரத்தில இருந்து வாறா. அறக்குளா மீன்குழம்பு வைச்சுத் தாறன் எண்டு வாய் விட்டிட்டன். மேல்வீட்டு லூத்தியின்ர நிலவறைக் கெல்லரில பிரிட்ஜ் இருக்கு. ஆறு நாளைக்கு அங்க கிடக்கட்டும்."

"அந்தாள் குடிகாரன், முகம் குடுக்காதேங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"முகம் ஆர் குடுக்கிறது? மீனைத்தானே குடுக்கிறன்."

லூத்தி ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற சுவிஸ்காரர். தனியாள். அடிக்கடி வெற்று பியர் போத்தல்கள் கலகலக்கப் படியிறங்குவார். அந்தச் சத்தத்தை வைத்தே தில்லைநாயகி தீர்ப்பு எழுதி முடித்திருந்தாள்.

அவள் தனக்குத் தெரிந்த டொச் மொழியில், சாமிக்கு விரதம், மீன் வீட்டில் கூடாது என்று விளக்கினாள். லூத்தி ஒன்றும் கேட்கவில்லை. "கெல்லரில் பிரிட்ஜில் வையுங்கள்" என்று திறப்பைக் கையில் கொடுத்துவிட்டார்.

கெல்லரில் இரண்டு பிரிட்ஜ் நின்றன. முதலாவதைத் திறந்தாள். மாட்டிறைச்சிப் பொதிகள்!

"முருகா!" என்று படாரெனச் சாத்தினாள். தன் வீட்டு மீனை அடுத்தவர் தலையில் கட்டலாம். அதற்காக அது மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் படுக்கலாமோ? அவளுடைய ஆசாரம் அவளுக்கு.

இரண்டாவது பிரிட்ஜுக்குள் ஒரு பெரிய வாளி மட்டும் இருந்தது. மூடியில் செருகிய குழாய் களுக் களுக்கென்று குமிழி விட்டது. ஒரே புளித்த வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லாய் உறைந்திருந்த மீன் பொதியை மேல்தட்டில் தள்ளிக் கதவை மூடினாள். வீட்டுக்கு வந்து தலை முழுகினாள்.

விரதம் நன்றாகத்தான் போனது. பாலும் பழமும், வாய் ஓயாமல் முருகன் பெயரும். இடையில் லூத்திதான் அவளுடைய மனதைக் கெடுத்தார். ஒருநாள் அந்தப் பெரிய வாளியைச் சுமந்துகொண்டு வெளியே போனார். கிட்டப் போக முடியாத நாற்றம். அவளைக் கண்டதும் சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிட்டார். அதற்குப் பிறகு எப்போது கண்டாலும் அப்படித்தான்.

"குரூட்சி எண்டு வணக்கம் சொன்னாலும் வாய் திறக்கிறாரில்லை," என்று புருசனிடம் வந்து பொரிந்தாள். "திறந்தால் குடிச்சது மணக்குமெல்லோ! ஒரு பை மீன் வைச்சதுக்கு இவ்வளவு எடுப்போ?"

"விடுமப்பா. விரத நாளில ஒருத்தரையும் திட்டாதையும்," என்றார் சிவநேசன்.

விரதம் முடிந்து பாறணையும் ஆனது. மீனை எடுக்கப் போனாள். இரண்டாவது பிரிட்ஜ் கழுவித் துடைத்து, வெறுமையாய்த் திறந்து கிடந்தது. மீன் பொதி முதலாவதன் ஃப்ரீசரில் தனியாக இருந்தது. மாட்டிறைச்சியைக் காணவில்லை. தின்று முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

குழம்பு அமோகமாக வந்தது. மச்சாள் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த கிழமை தமிழ்க் கடைக்குப் போனபோது, கடைக்காரச் சுபேசன் சிரித்தான்.

"அக்கா, அந்தச் சுவிஸ் ஐயா கொண்டு வந்து தந்த மீன் எப்பிடி?"

"எந்த மீன்? அது நான் உம்மட்டை வாங்கின மீனெல்லோ?"

"அது அழுகிப்போச்சு அக்கா. நீங்கள் வைச்சது குளிர்ப்பெட்டி இல்லை. பழைய பிரிட்ஜுக்குள்ள சூடாக்கிற கருவி பூட்டி, பியர் புளிக்க வைக்கிறாராம். எங்கட தோசைமாப் புளிக்கிற மாதிரித்தான். ரெண்டு பிரிட்ஜ் இருக்கெண்டு சொல்லாமல் விட்டது தன்ர பிழை எண்டவர். எங்கட கடைப் பேர் போட்ட பையைக் கொண்டு வந்து காட்ட, கடை முழுக்க நாறிப்போச்சு. அறக்குளா முடிஞ்சுது எண்டன். சூரிச்சில இருந்தெண்டாலும் எடுப்பிச்சு, அக்காவுக்கு வெட்டின மாதிரியே வெட்டித் தா எண்டு நிண்டார்."

தில்லைநாயகி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த வாளி?"

"மீன் தண்ணி வடிஞ்சு பியர் முழுக்கப் போச்சு. தன்னோட ரயிலில வேலை செய்த கூட்டாளியளுக்கெண்டு காய்ச்சினதாம். எல்லாம் ஊத்தியாச்சு. இதுக்குள்ள என்னட்டை ஒரு கேள்வி வேற, மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில வைச்சால் அந்த அம்மாவுக்கு ஒத்துவராதோ எண்டு. நான் ஓம் எண்டன். அப்ப இறைச்சியை எடுத்துவிடுறன் எண்டார்."

ஆறு நாளும் முருகனை நினைத்து உருகியவளுக்கு இப்போதுதான் உண்மையிலேயே நெஞ்சு உருகியது. கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு மனிதர் தலைக்கு மேலே குடியிருந்தாரே என்று நன்றியில் கை குவிந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி? நான் அவரை என்னவெல்லாம் கதைச்சுப்போட்டன்!"

"நானும் கேட்டனான் அக்கா. 'அவ சாமிக்கு விரதம் இருக்கிறா. எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சும் என்னில மீன் நாத்தம் போகுதில்லை. அதாலதான் படியில அவவைக் கண்டால் வாயும் திறக்காமல் விலத்திப் போறன்' எண்டவர்."