காயாத பச்சை

பால்கனிக் கம்பியில் என் மனைவியின் மலை சைக்கிள் வெறும் எலும்பாகத் தொங்குகிறது. சக்கரம், செயின், பெடல் எல்லாம் பழைய பேப்பரில் பரப்பிக் கிடக்கின்றன. நாளைக் காலை அவளுக்குப் பந்தயம். ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினால் உள்ளிருக்கும் கோலிக்குண்டு கடகடவென்று என்னைக் கேலி செய்கிறது. மாலை வெயிலில் புதுப் பச்சை மின்னுகிறது, சட்டத்தின் மேல்குழாயில் மட்டும் பெரிதாக ஒரு கட்டைவிரல் ரேகை. “காஞ்சிடுச்சான்னு பாத்தேன் மாப்ள,” என்கிறார் மாமனார், பச்சை விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தின்னரில் துடைத்து மறுபடி அடிக்கிறேன். டப்பாவைக் கீழே வைப்பதற்குள் என் தங்கை வந்து அதே இடத்தில் விரல் வைக்கிறாள். “இன்னும் காயலண்ணா.” தலையில் அடித்துக்கொள்கிறேன். மறுபடி துடைப்பு, மறுபடி பச்சைப் புகை. “உங்கள யாரு பெயின்ட் அடிக்கச் சொன்னா? கீறலோட நல்லாத்தானே ஓடிச்சு!” உள்ளிருந்து மனைவி கத்துகிறாள். எல்லோரையும் உள்ளே விரட்டிவிட்டு, நான் மட்டும் பால்கனியில் நின்று கதவைத் தாழிடுகிறேன். இனி ஒரு கையும் இதை நெருங்க முடியாது. காற்று நின்றிருக்கிறது. பச்சை கண்ணாடிபோல் படிகிறது. “இப்பவாவது காஞ்சிடுச்சா?” கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல். “இரு, பாத்துச் சொல்றேன்,” என்கிறேன். என் ஆள்காட்டி விரல் அதற்குள் மேல்குழாயில் பதிந்திருக்கிறது.