இரண்டு கோல் பின்னால்

ஆம்பூர் மைதானத்தில் இடைவேளை. சாய்ந்த வெயிலில் புழுதி இன்னும் அடங்கவில்லை. காற்றில் தோல் ஊறும் வாடை. ஒரு காலத்தில் மாநிலக் கால்பந்து அணிக்கு ஆடிய ஆரோக்கியசாமி இப்போது தோல் தொழிற்சாலை அணியின் பயிற்சியாளர். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றவர். இன்றும் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது. கிளப் செயலாளர் ஜேக்கப் ஒரு ஜோடி பூட்ஸை அவர் முன்னால் போடுகிறார். "ஆடத் தெரிஞ்சவனுக்கெல்லாம் ஆட வைக்கத் தெரியாது. நீயே எறங்கு. இல்லன்னா நாளைக்கு வேற ஆள் பாக்கறேன்." கூட்டம் கைதட்டுகிறது. ஆரோக்கியசாமியின் காது சிவக்கிறது. பூட்ஸைத் தொடாமல், தடுப்பாட்டக்காரன் தயாளன் பக்கத்தில் போய்க் குந்துகிறார். இதுவரை அவனிடம் கத்தியதுதான் உண்டு. "எனக்குப் புரியல தயாளா. அந்த ஏழாம் நம்பர் உன்ன எப்டி தாண்டறான்?" தயாளன் தயங்குகிறான். பிறகு, தொழிற்சாலையின் சுண்ணாம்புக் குழியில் தோலை முக்கி முக்கி வெடித்துப்போன விரலால் மண்ணில் ஒரு கோடு இழுக்கிறான். "நீங்க சொல்றாப்ல மேல ஏறிப் போறேன் சார். அவன் தாண்டிட்டா திரும்பிப் புடிக்க ஒங்க வேகம் எனக்கு இல்ல. பின்னாலயே நின்னா உடமாட்டேன்." "அப்ப பின்னாலயே நில்லு." மற்ற ஆட்டக்காரர்களின் வியர்த்த தலைகளும் அந்தக் கோட்டின்மேல் குனிகின்றன. "இன்னா, எறங்கறியா இல்லயா?" என்கிறார் ஜேக்கப். ஆரோக்கியசாமி நிமிரவில்லை. "வேற ஆள நாளைக்குப் பாத்துக்குங்க சார். இப்ப டீம் பேசுது. கொஞ்சம் வெளிய நில்லுங்க."