பதினேழு ஆமாம்

நிஷ் நகர இளைஞர் மையத்தின் தலைவி யாஸ்னா கொடுத்த காபியை மதிப்பீட்டு அதிகாரி ரதோவன் தொடவே இல்லை.

"போன வருஷம் பயிற்சி தொடங்கும்போது, ‘எப்பவாவது திருடியிருக்கியா’ன்னு இருபது பேர்கிட்ட கேட்டீங்க. ஒருத்தர்தான் ஆமாம்னு எழுதினாங்க. இப்போ அதே கேள்விக்கு, அதே இருபது பேர்ல பதினேழு ஆமாம். ஒரு வருஷமா என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க? இந்த லட்சணத்துல நிதியை வேற நீட்டிக்கணுமா?"

யாஸ்னாவுக்கே விளங்கவில்லை. அந்த இருபது பேரில் ஒருத்தியான தேயாவைக் கூப்பிட்டாள்.

"நீ என்ன எழுதினே?"

"போன வருஷம் இல்லைன்னு எழுதினேன்க்கா. இப்போ ஆமாம்னு எழுதினேன்."

"அப்படின்னா இங்க வந்துதான் திருடக் கத்துக்கிட்டியா?" என்றார் ரதோவன்.

"இங்க வந்தப்புறம் அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்? அது பழைய கதை. போன வருஷம் இவங்க யாரோ எவரோ. வாய்க்கு வந்த பொய்யை எழுதினோம். இப்போ அக்காகிட்டப் போய் எப்படி சார் பொய் சொல்றது?"

ரதோவன் தலையைச் சொறிந்தார். "இதை அறிக்கையில எப்படிம்மா எழுதுவேன்?"

தேயா அவருடைய பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை ‘இல்லை’ வேணும்னு சொல்லுங்க சார், எழுதித் தர்றேன். உங்களை இன்னிக்குத்தானே பார்க்கறேன்."